விசில் வரைக்கும்

சுருட்டை என்று அவளுக்குப் பெயர் வைத்தது தெரு. அவள் தலையில் மருந்துக்குக்கூட ஒரு சுருள் கிடையாது. மழைத்தண்ணீர் குழாய் வழியே இறங்குவது போல நேராக இறங்குகிற முடி அது. கிளிப் போட்டால் கிளிப் வழுக்கும். ரப்பர் வளையம் போட்டால் மத்தியானத்துக்குள் தரையில் கிடக்கும். ஆனால் அந்தத் தெருவிலும் சுற்றியிருந்த தெருக்களிலும் பெண்கள் தலையில் எத்தனை சுருள் இருந்ததோ அத்தனையும் அவள் கை போட்டவை. செருப்பு தைக்கிறவர் காலைப் பார்த்தா செருப்பு வாங்குகிறோம்?

மூலைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவள் கடை. சுழலும் நாற்காலி இரண்டு, தலை கழுவும் தொட்டி ஒன்று, தலைக்கு மேல் கவிழ்க்கிற வாளி மாதிரி ஒரு முடி உலர்த்தி. மாடியில் பல் டாக்டர். பக்கத்தில், ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப்புறம், மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்கு வருவதற்கு முன்னால் நூல் ஆலையில் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள் சுருட்டை. ஆலையை இழுத்து மூடினார்கள். கை மட்டும் சுற்றுவதை நிறுத்தவில்லை. வீட்டில் கயிறு, துணி, பிள்ளை பட்டம் விடுகிற நூல் என்று எது கிடைத்தாலும் விரலில் சுற்றிக்கொண்டே பேசுவாள். இப்படிச் சுற்றுகிற கைக்கு ஏற்ற தொழில் இது என்று படித்துக்கொண்டு வந்து கடை போட்டாள்.

அந்தக் கடையில்தான் அந்த ஒலிநாடா வந்து சேர்ந்தது. "எண்பதுகளின் பொன்னான பதினாறு" என்று பெயர். எண்பதுகளில் பெரிதாக ஓடிய பாப் பாட்டுகளை ஒரே கேசட்டில் பக்கத்துக்கு எட்டாக அடைத்திருந்தார்கள். அவள் அதை வாங்கியது பாட்டுக்காக என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அட்டைப் படத்துக்காக வாங்கினாள். படத்தில் ஒரு பெண் சக்கரம் வைத்த ஷூ போட்டுக்கொண்டு வருகிறாள். ஷூவையும் சக்கரத்தையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முக்கால்வாசிப் படம் அவளுடைய முடி. அப்படியொரு சுருள்! கேசட்டின் பெயரைப் போட இடமில்லாமல் அவள் காதோரத்தில் திணித்திருந்தார்கள்.

சுருட்டை அந்த அட்டையை உருவி, சட்டம் போட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினாள். வருகிறவர்கள் வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம், விரலைக் காட்டினால் போதும். அட்டை போன கேசட் அநாதையாகக் கிடந்தது. பாவமே என்று டேப் ரிகார்டரில் போட்டுவைத்தாள்.

கடை திறப்பதற்கு முதல் நாள், கற்றது கையில் நிற்கிறதா என்று பார்க்க அவளுக்கு ஒரு தலை தேவைப்பட்டது. வீட்டில் இருந்த தலை அவள் கணவருடையது. அவர் பஸ் ஓட்டுநர். அடர்த்தியான முடி, அதைவிட அடர்த்தியான பொறுமை.

"என்னங்க, கொஞ்சம் உக்காருங்களேன்."

"எதுக்கு?"

"சும்மா."

பஸ்ஸில் எத்தனையோ விபத்தைத் தவிர்த்த மனிதர், "சும்மா" என்ற சொல்லில் இருந்த அபாயத்தைக் கவனிக்காமல் உட்கார்ந்துவிட்டார். முடியைச் சிறு சிறு கற்றையாகப் பிரித்துச் சுருள் குச்சியில் சுற்றி, மருந்தை ஊற்றி, கேசட்டை ஓடவிட்டுவிட்டு, வாசலில் பெயர்ப்பலகை மாட்டுகிறவனோடு சண்டை போடப் போனாள் சுருட்டை. பலகை நேரானது. திரும்பி வந்தபோது கேசட்டில் ஐந்தாவது பாட்டு ஆரம்பித்திருந்தது. நிறையப் பேர் சேர்ந்து கை தட்டித் தொடங்குகிற பாட்டு அது. குச்சிகளை அவிழ்த்தால், ஆட்டுக்குட்டி!

மறுநாள் பஸ்ஸில் ஏறின பயணிகள் ஓட்டுநரைப் பார்த்துவிட்டு, இது நம் தடத்து வண்டி இல்லை என்று இறங்கிப்போனார்கள் என்று சொல்வார்கள். தொப்பி தலையில் உட்காராமல் துள்ளித் துள்ளி விழுந்தது என்றும், கடைசியில் நடத்துநர் அதைப் பிடித்துக்கொண்டே டிக்கெட் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். தொப்பி விஷயத்துக்கு நான் பொறுப்பில்லை. ஆட்டுக்குட்டியை என் கண்ணால் பார்த்தேன்.

சுருட்டை அசரவில்லை. கைதட்டல் வரை விட்டால் ஆட்டுக்குட்டி என்று ஆயிற்றா? முடி வளர வளர மறுபடி உட்காரவைத்தாள். நாலாவது பாட்டு விசிலோடு ஆரம்பிக்கும். விசில் வந்ததும் கழுவினால் நல்ல சுருள். மூன்றாவது பாட்டு ரயில் மாதிரி தடதடத்துக்கொண்டு வரும். ரயில் வந்ததும் கழுவினால் லேசான அலை. நரைக்குச் சாயம் போட்டால் எட்டாவது பாட்டின் இடிச் சத்தம் வரைக்கும். இப்படி எல்லாவற்றையும் அவர் தலையிலேயே கற்றுக்கொண்டாள். அவர் தலை அவளுக்குப் பாடப்புத்தகம். கிழிகிறவரைக்கும் படித்தாள். இப்போது அங்கே அட்டை மட்டும்தான் மிச்சம், பளபளவென்று.

கடிகாரம் ஒன்று மாட்டினால் என்ன என்று கேட்பீர்கள். மாட்டியிருந்தாள். அது அவள் செய்த பெரிய தப்பு. தலை நிறையக் குச்சியோடு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு வேறு வேலை இல்லை, கடிகாரத்தையே பார்ப்பார்கள். பார்த்தால் வீட்டில் அடுப்பில் வைத்தது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூப்பிடப் போக வேண்டியது எல்லாம் ஞாபகம் வரும். ஒருத்தி குச்சியோடே எழுந்து ஓடிப் பஸ் ஏறிவிட்டாள். ஒவ்வொரு குச்சியும் ஒவ்வொரு திசையில் நீட்டிக்கொண்டிருந்ததால் நடத்துநர் அவளிடம் லக்கேஜ் டிக்கெட் கேட்டாராம். அன்றைக்கே கடிகாரத்தைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கைக்கடிகாரம் கட்டிப் பார்த்தாள். கட்டினதெல்லாம் மருந்துத் தண்ணீரில் மூழ்கிச் செத்தன. கேசட் மட்டும் சாகவில்லை.

நாளடைவில் தெருவுக்கே அந்தப் பாஷை வந்துவிட்டது. காய்கறிக் கடையில் இரண்டு பெண்கள் சந்தித்தால் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

"புதுசா போட்டிருக்கே போலிருக்கே. எதுவரைக்கும்?"

"விசில் வரைக்கும். நீ?"

"எனக்கு ரயிலே போதும். வீட்டுல மாமியார் இருக்காங்க."

வெளியூர்க்காரர் யாராவது கேட்டிருந்தால் பயணம் போகிற பேச்சு என்று நினைத்திருப்பார்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் கேட்டும் அந்தப் பாட்டுகள் சுருட்டைக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் எப்படி ஆரம்பிக்கும் என்று தெரியும். அதோடு சரி. ஆரம்பம் காதில் விழுந்ததும் கை குழாயைத் திறக்கும். மற்ற நேரமெல்லாம் அவள் வாயும் காதும் வாடிக்கையாளரின் வீட்டு விவகாரத்தில் இருக்கும். பாட்டின் தலை தெரியும், வால் தெரியாது. முடி உலர்த்தியின் வாளிக்குள் இருக்கிறவர்களுக்குத் தலையும் கேட்காது, வாலும் கேட்காது.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணிக்கும் கேட்காது. அண்ணி என்றால் பஸ் ஓட்டுநரின் அக்கா, சுருட்டையின் நாத்தனார். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டோடு இருந்துவிட்டவள். வலது காது மந்தம். அந்தக் காதை வேண்டுமென்றே டேப் ரிகார்டர் பக்கம் திருப்பித்தான் நாற்காலி போட்டிருந்தாள். தலையில் ஆணி அடித்து இறுக்கியது போல ஒரு கொண்டை. அதை அவிழ்த்து யாரும் பார்த்ததில்லை.

"அண்ணி, ஒரே ஒரு தடவை. ஓரத்துல மட்டும்," என்று சுருட்டை வருஷத்துக்கு ஒருமுறையாவது கெஞ்சுவாள்.

"என் தலைக்கு உன் கை வரணும்னா அது நான் செத்த அன்னிக்குத்தான். என் தம்பி தலை என்ன ஆச்சுன்னு பாத்தவ நான்."

இப்படியே போய்க்கொண்டிருந்த கடையில் ஒரு நாள் டேப் ரிகார்டர் புகைந்து நின்றது. பழுது பார்க்கிறவர் அதைத் திறந்து பார்த்து, உள்ளே இருந்து ஒரு கைப்பிடி முடியை எடுத்து மேசையில் வைத்தார். "இது எலி கூடு கட்டின மாதிரி இருக்கும்மா. இனிமே ஓடாது." கேசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை இழுப்பறையில் வைத்தாள்.

விடுமுறைக்கு வந்திருந்த மகன் உள்ளங்கை அளவில் ஒரு ஸ்பீக்கரும் பழைய கைபேசி ஒன்றும் கொண்டுவந்து கல்லாப் பக்கத்தில் வைத்தான்.

"இதோ பாரும்மா. அதே பொண்ணு, அதே முடி, அதே பதினாறு பாட்டு. வரிசைகூட மாறல. கேசட்டைத் திருப்பிப் போடற வேலைகூட இல்ல."

போட்டுப் பார்த்தாள். முதல் பாட்டு மேளத்தோடு ஆரம்பித்தது. சரிதான். தட்டித் தட்டி அடுத்தடுத்த பாட்டின் ஆரம்பத்தையும் கேட்டாள். அழுகை, ரயில், விசில், கைதட்டல், இடி. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மகன் ஊருக்குப் போனான்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

முதலில் பள்ளித் தலைமை ஆசிரியை. என்றைக்கும் போல விசில் வரைக்கும். அவிழ்த்தால் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். அந்த அம்மாள் படித்தவள், நாகரிகமாக "கொஞ்சம் சூடா இருக்கு போல" என்றாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்காமலே பிள்ளைகள் அமைதியாக இருந்தார்களாம். அடுத்து வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண். இடி வரைக்கும் சாயம் வைத்து, அடர்பழுப்பு கேட்டவளுக்குத் தார்க் கறுப்பு வந்தது. தொப்பி மாட்டிய மாதிரி இருந்தது. ரயில் கேட்டவர்களுக்கு ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டி கேட்ட ஒரே ஒருத்திக்கு என்ன வந்தது என்று சொல்ல மாட்டேன். அவள் எனக்கு உறவு.

சுருட்டை மருந்தை மாற்றிப் பார்த்தாள். தண்ணீரைக் குறை சொன்னாள். குச்சிகளையெல்லாம் சோடா உப்பில் ஊறவைத்தாள். ஒன்றும் சரியாகவில்லை. அண்ணி கல்லாவிலிருந்து வழக்கம் போலக் குத்திக்கொண்டிருந்தாள்.

"மயிரைக் கட்டி மலையை இழுக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ மலையையே கட்டி மயிரை இழுக்கறே."

"சும்மா இருங்க அண்ணி."

"கண்ணு போச்சுடி உனக்கு. பக்கத்துக் கடையிலதானே கண்ணாடி விக்கறான்? போய்ப் பாரு."

போனாள். மூக்குக்கண்ணாடிக்காரருக்கு அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. குடுமி சும்மா ஆடாது. அவருக்கு அந்தச் சுவரை இடித்துச் சுருட்டையின் கடையைத் தன் கடையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வெகுநாள் ஆசை. இருந்தாலும் தொழிலில் நேர்மையானவர். எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரி வரைக்கும் படித்தாள். அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் படித்தாள்.

"கண்ணு தங்கமா இருக்கும்மா," என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

சுருட்டை அங்கேயே விரல் விட்டு எண்ணினாள். கண் சரி. மருந்து சரி. தண்ணீர் சரி. அப்படியானால் மிச்சம் இருப்பது கைதானே? கையும் அதை ஏவுகிற மூளையும். நூல் ஆலையில் வயதானவர்களை அவள் பார்த்திருக்கிறாள். நூல் அறுந்தது தெரியாமல் வெறும் பாபினைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்படி ஆகிவிட்டதா?

கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்கள் "வெறுமனே வெட்டி மட்டும் விடு" என்றார்கள். ஒரு நாள் சாயங்காலம் இன்னொரு தலை பாழாகி, அந்தப் பெண் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போனாள். சுருட்டை அண்ணியின் வசவுக்காகக் காத்திருந்தாள். அண்ணி எழுந்து வந்து, தரையில் கிடந்த முடியைத் தானே பெருக்கினாள். வாழ்நாளில் அந்தக் கடையில் விளக்குமாற்றைத் தொடாதவள். அண்ணி திட்டுகிறவரைக்கும் தாங்கலாம். அண்ணி இரக்கப்பட ஆரம்பித்துவிட்டால் பிறகு என்ன இருக்கிறது?

அன்றைக்கு வீட்டில் கணவரிடம் சொன்னாள். "கடையை விட்டுடறேங்க."

அவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "யானைக்கும் அடி சறுக்கும்."

"ஒரு தடவை சறுக்கினா யானை. தினமும் சறுக்கினா அது யானையில்ல."

மகன் தொலைபேசியில், "இங்க வந்துடும்மா, எதுக்குக் கஷ்டப்படறே? பால்கனில செடி வை," என்றான். சுற்றுகிற கையைச் செடியில் வைத்தால் செடி என்ன ஆகும் என்று அவன் யோசிக்கவில்லை.

மாதக் கடைசியில் சாவியைத் தருவதாக மூக்குக்கண்ணாடிக்காரரிடம் வாக்குக் கொடுத்தாள். அவர் அன்றைக்கே அளவு நாடாவோடு வந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மறுநாள் பொறுக்க முடியாமல், சுவர் எவ்வளவு கனம் என்று பார்ப்பதற்காக என்று சொல்லி, தன் பக்கத்திலிருந்து ஒரு துளையும் போட்டுவிட்டார். சுருட்டையின் பக்கம் செங்கல் பொடி உதிர்ந்தது. துளை வழியாக ஒரு கண் தெரிந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றது கண்.

செய்தி மாடிக்குப் போனது. பல் டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கி வந்தார். ஒல்லி மனிதர், கோபக்காரர். அவரும் சுருட்டையும் இத்தனை வருஷத்தில் பேசிக்கொண்டது சொற்பம். அதிலும் பாதி, சத்தத்தைக் குறை என்று அவர் கத்தியதும், முடியாது என்று இவள் கத்தியதும்தான்.

"கடையை மூடறியாமே?"

"ஆமா டாக்டர். இனிமே உங்களுக்கு நிம்மதி. பாட்டு கேக்காது."

"நிம்மதியா? பாட்டு இல்லாம நான் எப்படிப் பல்லைப் பிடுங்கறது?"

சுருட்டை விழித்தாள். அண்ணி நல்ல காதை அவர் பக்கம் திருப்பினாள்.

டாக்டர் கொஞ்சம் கூச்சத்தோடு உட்கார்ந்து சொன்னார். அவர் தொழிலிலும் ஒரு ரகசியம் இருந்தது. நோயாளிக்கு வலிப்பதில்லைதான், ஆனால் வலிக்கப்போகிறது என்ற பயத்திலேயே சிலர் போடுகிற கூச்சலில் வெளியே காத்திருப்பவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள். அதனால் கீழே இரண்டாவது பாட்டில் ஒருவன் அழ ஆரம்பிக்கும்போது ஊசியைப் போடுவார். ஐந்தாவது பாட்டில் எல்லாரும் கை தட்டும்போது பிடுங்குவார். அந்தக் கைதட்டலில் எந்தக் கூச்சலும் வெளியே கேட்காது. சில நோயாளிகள் தங்களுக்குத்தான் கை தட்டுகிறார்கள் என்று நினைத்து எழுந்து வணக்கம்கூட வைத்திருக்கிறார்களாம்.

"அதை விடு. நான் வந்ததே சண்டை போடத்தான். இப்பல்லாம் என்ன போடறே நீ? ஊசியைப் போட்டுட்டு உக்காந்தா கைதட்டல் வரவே மாட்டேங்குது. நோயாளி வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கிடறான்!"

"அதே பாட்டுதான் டாக்டர், பையன் வாங்கித் தந்தது. வரிசைகூட மாறல."

"எது அதே பாட்டு? அந்த அழுமூஞ்சி முன்னல்லாம் ரெண்டு தடவை அழுவான், நிறுத்துவான், ரயில் வந்துடும். இப்ப அழுது முடிச்சு, ஒருத்தன் சாவகாசமா கிடார் வாசிச்சு, மறுபடியும் இவன் முதல்லேருந்து அழறான். வேலையில்லாம உக்காந்து முழுசும் கேக்கறவன் நான். என்கிட்டயே அதே பாட்டுங்கறியா?"

சுருட்டையின் கை, மேசையில் கிடந்த ரப்பர் வளையத்தை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தது.

"டாக்டர்... பழைய கேசட் என்கிட்ட இருக்கு. போட்டுப் பாக்க ஒண்ணும் இல்ல."

"என் காருல இருக்கு," என்றார் டாக்டர்.

டாக்டரின் கார் அவரைவிடக் கொஞ்சம்தான் இளையது. தெரு ஓரத்தில் நின்றது. முன்னால் டாக்டரும் சுருட்டையும், பின்னால் அண்ணியும், சாப்பாட்டுக்குக் கடைக்கு வந்திருந்த கணவரும் ஏறினார்கள். கதவைச் சாத்தும்போது இன்னொருவரும் ஏறினார். வாயில் பஞ்சு. மாடியில் ஊசி போட்டு உட்காரவைக்கப்பட்டிருந்தவர், காத்துப் பார்த்துவிட்டு டாக்டரைத் தேடி இறங்கி வந்துவிட்டார். அவருக்கு யாரும் ஒன்றும் விளக்கவில்லை. அவரும் கேட்கிற நிலையில் இல்லை.

கேசட்டை உள்ளே தள்ளினார் டாக்டர். ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டாள் சுருட்டை. இரண்டு மேளமும் ஒன்றாக ஆரம்பித்தன. இரண்டு பேரும் ஒன்றாகப் பாடினார்கள். சுருட்டை வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாட்டை நடுவிலும் கேட்டாள். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. ஒரு வித்தியாசமும் இல்லை. அவள் முகம் வாடத் தொடங்கியது.

அப்போது காரில் இருந்த பாடகர், யாரோ கதவைச் சாத்திக்கொண்டு போவது போல, மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்தார். அழுகைப் பாட்டு ஆரம்பித்தது. மடியில் இருந்த பாடகரோ எங்கேயும் போகவில்லை. இன்னொரு தடவை பல்லவியைப் பிடித்தார். அழுகைப் பாட்டு இரண்டு தடவை அழுதுவிட்டுப் போனது. காரில் ரயில் தடதடத்தபோது மடியில் அப்போதுதான் ஒருத்தன் கிடாரை எடுத்தான். காரில் விசில் அடித்தது.

"கழுவு!" என்று பின்னாலிருந்து கத்தினார் கணவர். எத்தனை வருஷத்துப் பழக்கம்! கை தானாகத் தலைக்குப் போயிருந்தது.

மடியில் ரயிலே வரவில்லை இன்னும்.

"பதினாறு பாட்டையும் ஒரு கேசட்டுல அடைக்கணும்னு எல்லாத்தையும் நறுக்கியிருக்கான்," என்றார் டாக்டர். "உன் பையன் வாங்கினது நறுக்காதது."

சுருட்டை அங்கேயே மகனைக் கூப்பிட்டாள்.

"ஆமாம்மா," என்றான் அவன். "அது முழுப் பதிப்பு. நீ இத்தனை வருஷமா அரைகுறையாக் கேட்டுக்கிட்டிருந்தியே, முழுசாக் கேக்கட்டும்னுதான் தேடி வாங்கினேன். ஏன், நல்லா இல்லையா?"

"ஊருல பாதிப்பேர் தலையில வந்து பாருடா நல்லா இருக்கான்னு!" என்றவள், சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அண்ணி பின்னாலிருந்து அவள் தோளில் ஓர் அடி வைத்தாள். அது அடி மாதிரி இல்லை.

"கை போகல," என்றாள் சுருட்டை. யாரிடம் சொன்னாளோ. "என் கை எங்கயும் போகல."

பஞ்சு வாய்க்காரர் ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டினார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நினைத்து முடிப்பதற்குள், காரிலிருந்து "க்ர்ர்" என்று ஒரு சத்தம். டாக்டர் பதறி அமுக்கினார். கேசட் வெளியே வந்தது. நாடா வரவில்லை. அது காருக்குள்ளேயே சிக்கி, இழுக்க இழுக்கக் குடல் மாதிரி நீண்டு, விசில் பாட்டின் நடுவில் அறுந்தது. பொன்னான பதினாறு அத்தோடு முடிந்தது.

திரும்பிப் போகப் பழைய வழி இல்லை. சுருட்டை நேராக மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் வாக்கைத் திருப்பி வாங்கினாள். அவர் துக்கப்பட்டார். ஆனால் கண் தங்கமாக இருக்கிறது என்று சொன்னவர் அவரே ஆயிற்றே, என்ன சொல்ல முடியும்? "துளையை அடைச்சுடறேன்," என்றார். "வேண்டாம்," என்று சுருட்டை சட்டம் போட்ட அட்டைப் படத்தை அதன் மேல் மாட்டினாள். சக்கர ஷூப் பெண்ணின் முடிக்குப் பின்னால் ஒரு துளை இருப்பது யாருக்கும் தெரியாது, பாட்டு மட்டும் அந்தப்புறம் போகும்.

அடுத்த நாள் அண்ணி கடைக்கு ஒரு சமையலறை மணிக்கடிகாரம் வாங்கிக்கொண்டு வந்தாள். திருகி வைத்தால் வேண்டிய நேரத்தில் அலறுவது.

"இதை வெச்சுத் தொலையேன்."

"அதைப் பாத்துக்கிட்டே உக்காருவாங்க அண்ணி. எந்த நேரம் வெடிக்குமோன்னு. வேணாம். புதுப் பாட்டுக்குப் புதுசாப் படிச்சுக்கறேன். எங்க எது வரும்னு பாத்துட்டாப் போதும்." சாப்பாட்டுக்கு வந்திருந்த கணவரின் தலையைப் பார்த்தாள். அவர் பெருமூச்சோடு வழுக்கையைக் காட்டினார். அவள் பார்வை அவர் மீசைக்கு இறங்கியது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

கடையில் வேறு தலை இல்லை. வாடிக்கையாளர் யாரிடம் போய் "உட்கார், உன் தலையில் படிக்கிறேன்" என்று கேட்பது? ஏற்கெனவே வெந்த தலைகள்.

அண்ணி மணிக்கடிகாரத்தைக் கல்லாவுக்குள் போட்டுச் சாத்தினாள். எழுந்தாள். சுழலும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி மேசையில் வைத்தாள். கொண்டை அவிழ்ந்து நாற்காலிக்கு வெளியே தொங்கியது. அவ்வளவு முடி இருக்கும் என்று சுருட்டை நினைத்ததில்லை.

"அண்ணி?"

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கறே? ரயில் வரைக்கும்."

"அண்ணி, இது புது ரயில். அதுவரைக்கும் விட்டா உங்க தலை தாங்காது. எங்க நிறுத்தணும்னு எனக்கே தெரியாது."

"தெரியாதுன்னுதானே உக்காந்திருக்கேன். தெரிஞ்சா உக்காருவேனா? போடு பாட்டை."

சுருட்டை சுற்றினாள். மருந்தை ஊற்றிவிட்டுப் பாட்டைப் போட்டாள். அன்றைக்கு அவள் யார் வீட்டு விவகாரமும் பேசவில்லை. மேளத்திலிருந்து ஒவ்வொரு வரியையும் கேட்டாள். நடுநடுவே பின்கழுத்தில் ஒரு குச்சியைப் பாதி அவிழ்த்து, முடி வளைகிறதா என்று பார்த்து, மறுபடி சுற்றினாள். அழுமூஞ்சி அழுதான். மறுபடி அழுதான். கிடார்க்காரன் முதல் தந்தியைத் தட்டினான். சுருட்டை குச்சியை அவிழ்த்தாள். முடி அவள் விரலைச் சுற்றிக்கொண்டு நின்றது.

"இங்கதான்," என்றாள். "கிடார் வரைக்கும்." குழாயைத் திறந்தாள்.

கழுவி, உலர்த்தி, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். தோளுக்குக் கீழே மூன்று நான்கு அலை, அவ்வளவுதான். ஸ்பீக்கரில் கைதட்டல் வந்தது. மேலே மாடியில் யாருக்கோ பல் போயிற்று.

அண்ணி கண்ணாடியில் இடம் பார்த்தாள், வலம் பார்த்தாள். ஒரு அலையை விரலால் இழுத்து விட்டாள். அது திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்தது.

"செத்த அன்னிக்குப் பண்ணிக்கலாம்னு இருந்தேன்," என்றாள். "நல்லவேளை. அன்னிக்குன்னா என்னால பாக்க முடிஞ்சிருக்காது."